மூன்றாவது வளையம்

ஆயில் ஃபில்டர் மாற்றினால் பழைய ரப்பர் வளையம் ஒன்று, புதியது ஒன்று, ஆக இரண்டு. மூன்றாவது வளையம் எங்கிருந்து வந்தது? ஒருநாள் பட்டறை முதலாளி கேட்ட கேள்வி இது. பதில் எனக்குத் தெரியவர ஒரு வருடம் ஆனது.

அந்தப் பட்டறையின் மூத்த மெக்கானிக்கை எல்லாரும் வளையக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் ஜீப்புகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர். ஃபில்டரைக் கழற்றியதும் மற்றவர்கள் குப்பை டப்பாவில் போட்டுவிடுவார்கள். அவர் திருப்பி, அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார். பழைய வண்டிகளில் சூட்டில் வெந்த வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, ஃபில்டர் மட்டும் கையோடு வந்துவிடும். கவனிக்காமல் புதியதை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர் உட்காரும். கொஞ்ச தூரம் ஓடும். பிறகு பிதுங்கிக்கொண்டு ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டும்.

அதனால் பழைய வளையம் கழன்றுவிட்டதற்குச் சாட்சியாக, அதைத் துடைக்காமல், பிசுக்கோடு அப்படியே நூலில் கட்டி ஸ்டீரிங்கில் தொங்கவிட்டுத்தான் சாவியைத் தருவார். டிரைவர்கள் அடுத்த முறை அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். சுவரில் ஓர் ஆணி நிறைய அவை கொத்தாகத் தொங்கும்.

"என்ன அண்ணே, வண்டிக்குக் கம்மல் போட்டாச்சா?"

"போட்டாச்சு. வலிச்சா என்கிட்டயே கூட்டிட்டு வா."

வேறு பேச்சு கிடையாது. அவர் கட்டிய வளையத்தைப் பார்த்தால் டிரைவர்கள் கேள்வி கேட்காமல் கிளம்புவார்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது.

மனைவியின் தம்பியைப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவனுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒருநாள் மலைக்கு மருந்து கொண்டுபோகும் பழைய ஜீப் வந்தது. ஃபில்டரைப் பாதி கழற்றியிருந்தபோது முதலாளி வேறொரு வண்டியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, பழைய வளையம் எஞ்சின்ல ஒட்டியிருக்கும். விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டு மாட்டு."

"தெரியும் மாமா. இதையே எத்தனை தடவைதான் சொல்லுவீங்க? நான் என்ன பச்சப்புள்ளையா?"

திரும்பி வந்தபோது ஸ்டீரிங்கில் வளையம் தொங்கியது. வெளியே நின்றபடியே பார்த்துத் தலையாட்டினார். ஜீப் போய்விட்டது.

மறுநாள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் இல்லாமல் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. முதலாளியே ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். ஸ்டீரிங்கில் மூன்றாவது.

டிரைவர் முதலாளியைப் பார்க்கவில்லை, வளையக்காரரைத்தான் பார்த்தார். "ஆயில் விளக்கு எரிஞ்சுது அண்ணே. நீங்க கட்டின வளையம் தொங்குதே, விளக்குலதான் கோளாறுன்னு நினைச்சு ஓட்டிட்டேன்."

"மூணாவது எங்கேயிருந்துய்யா வந்துச்சு?" என்றார் முதலாளி.

வளையக்காரர் ஸ்டீரிங்கில் தொங்கியதைத் தொட்டார். காய்ந்து கிடந்தது. விரலில் ஒட்டியது தூசிதான். சுவர் ஆணியிலிருந்து எடுத்துக் கட்டிய வளையம். மச்சினன் மூலையில் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். முடிவில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவனுக்கு இப்பதான் பொண்ணு பேசியிருக்கோம். வேலை போச்சுன்னா யாரு குடுப்பா? நீங்க நல்ல பேரு எடுத்தவரு, உங்களுக்குத் தாங்கும்."

"எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"அதனாலதான் கேட்கிறேன்."

காலையில் முதலாளியிடம் போய், "நான்தான் பார்க்காம விட்டேன்" என்றார். பொய் என்று அவரே அதை நினைக்கவில்லை. கண்ணால் பார்த்தாரே தவிர, கையால் தொடவில்லை. முதலாளி அவரை அன்றே போகச் சொன்னார். அவர் இடத்தில் மச்சினன்.

ஒரு வருடம் கழித்து, தம்பியோடு ஒரு சின்னச் சண்டை வந்தபோது, வளையக்காரரின் மனைவியே பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் இதையெல்லாம் கொட்டினாள். தம்பி இன்றுவரை அக்காவிடம் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லையாம். அவளுக்கு வருத்தம் அதுதான். கணவர் இப்போது வேறொரு இடத்தில் லாரி கழுவுகிறார். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பட்டறையில் இன்றும் ஸ்டீரிங்கில் வளையம் கட்டித்தான் தருகிறார்கள். ஆணியில் கொத்து மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

பழைய ஜீப் ஓட்டுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். வளையத்தைப் பார்த்தால் போதாது, தொட்டுப் பார்க்கட்டும். மூன்றாவது வளையத்தைக் கட்டியது வளையக்காரர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர் வாயால் அது வராது.