அத்தான் முக்காமல் தூக்கிய கதை

மூன்று வாரம், தினமும் காலை ஆறு மணிக்கு, என் அத்தான் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டார். இப்படிப் பத்துத் தடவை. எனக்குக் கை கால் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு உதவியாளர். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதே ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவுக் குமாஸ்தா. உட்கார்ந்து பார்க்கிற வேலை. உட்காருவதில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில்தான் குடியிருக்கிறேன்.

எல்லாம் ஏழாம் நம்பர் கட்டிலால் வந்த வினை. அதில் கால் முறிந்து படுத்திருந்தவர், லாரிகளை எடை போடும் எடைமேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வண்டி மேடையில் ஏறும்போது இன்ஜின் முக்குகிற சத்தத்தை வைத்தே லோடு எத்தனை டன் என்று சொல்லிவிடுவாராம். முள் அதற்கப்புறம்தான் நகருமாம். அத்தான் அவரை முதல் நாள் தூக்கியபோது, தன்னையறியாமல் ஒரு "ஹ்ம்ம்" போட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் எடைமேடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓவர்லோடு, தம்பி. மன்னிச்சுக்குங்க."

அத்தான் சிரித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் நர்ஸம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மனுஷர் அதற்கப்புறம் சாப்பாட்டைப் பாதிக்கு மேல் தொடவில்லை. ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார். தினமும் கொஞ்ச நேரமாவது நிமிர்ந்து உட்காராவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், சாப்பிடாவிட்டால் எலும்பு கூடாது என்று டாக்டர் எச்சரித்துப் பார்த்தார். லோடு இறங்கட்டும், அப்புறம் உட்காருகிறேன் என்று பதில் வந்ததாம்.

அன்றைக்கு அத்தானுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "என் ஒரு முக்கலுக்கு அங்க ஒரு மனுஷன் பட்டினி கிடக்கிறான்."

அதுவரை, சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட வயிற்றை எக்குவதுதான் அத்தானுக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி. அப்பேர்ப்பட்டவர் மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்தார். பீரோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். பீரோக் கதவு கையோடு வந்தது. ஆள் எடைக்கு ஆள்தான் சரிப்படும் என்று முடிவாயிற்று. அக்காவும் அத்தானும் சேர்ந்து என் அறையை எட்டிப் பார்த்தார்கள். சும்மாதானே படுத்திருக்கிறான், எதற்காவது உபயோகப்படட்டும் என்று அக்கா தாராளமாக என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் நான், அத்தான், நாற்காலி மூவரும் தரையில் கிடந்தோம். நாற்காலிக்கு மட்டும் கால் போயிற்று. நாலாம் நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினார். சத்தம் வரவில்லைதான். ஆனால் விழி பிதுங்கிய அந்த முகத்தைப் பார்த்து எனக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. அதையும் அவரிடம் சொன்னேன். ரொம்ப யோசித்து, பேசிக்கொண்டே தூக்குவது என்று ஒரு வழி கண்டுபிடித்தார். பேசுகிற வாய் முக்காது அல்லவா. ஆனால் பேச மூச்சு வேண்டுமே. முதல் வாரம் "நேத்து தையல்காரர்..." என்று கட்டிலில் ஆரம்பித்த வாக்கியம், நாற்காலிக்கு வந்து இளைப்பாறிய பிறகுதான் முடிந்தது. மூன்றாம் வாரம் அக்காவும் தையல்காரரும் போட்ட சண்டை முழுவதையும் ஒரே தூக்கில் சொல்லி முடித்தார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.

அந்த நாள் வந்தது. நான் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வேலை இருப்பதுபோல வார்டுக்குப் போனேன். எடைமேடைக்காரர் அதற்குள் நன்றாக வாடியிருந்தார். ஒரே ஒரு தடவை பாருங்கள், முக்கினால் இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று அத்தான் கெஞ்சினார். அவர் அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அத்தான் முழங்காலை மடக்கி, கையைக் கொடுத்தார். "எங்க வீட்ல ஒரு மச்சான் இருக்கான். தொண்ணூத்திரெண்டு கிலோ. அவனை நாற்காலில வச்சா நாற்காலி போகுது, கட்டில்ல வச்சா கட்டில் அழுவுது..." கதை முடிந்தபோது எடைமேடைக்காரர் நாற்காலியில் இருந்தார். வார்டே சிரித்தது. நான் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

எடைமேடைக்காரர் கண்ணைத் திறந்தார்.

"சத்தமே வரலையே. எவ்வளவு குறைஞ்சிருக்கேன்?"

"லோடு அதேதாங்க. வண்டிதான் சர்வீசுக்குப் போயிட்டு வந்திருக்கு."

அவர் அத்தானின் தோளையும் வயிற்றையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சாப்பாட்டு வண்டி போய்விட்டதா என்று நர்ஸம்மாவைக் கேட்டார். அன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பழக்க தோஷத்தில் விழித்துக் காத்திருந்தேன். அத்தான் வந்தார். என்னை எழுப்பி நிறுத்திவிட்டு, என் கட்டிலில் அவர் படுத்துக்கொண்டார். "இன்னைலேர்ந்து நீ தூக்கு. நானும் ஒருநாள் விழுவேன்ல, உங்க அக்காவா தூக்குவா?"

அத்தான் எழுபத்தைந்து கிலோதானே என்று கையைக் கொடுத்தேன். நான் போட்ட "ஹ்ம்ம்ம்" சமையலறை வரை கேட்டிருக்கும். என் காதருகே அத்தான் மெதுவாகச் சொன்னார்: "ஓவர்லோடு, தம்பி. மன்னிச்சுக்குங்க."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. இருநூறு தடவைக்கு மேல் என்னைத் தூக்கிய மனுஷர், ஒரு தடவைகூட 'கனமா இருக்கேடா' என்று என்னிடம் சொன்னதில்லை. நாற்காலியில் அவரை எப்படியோ சேர்த்துவிட்டு, இறங்க வேண்டாம், திரும்பக் கட்டிலில் வைக்கிறேன் என்றேன். முழங்காலை மடக்கி, கையைக் கொடுத்து, "நேத்து எங்க ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

மீதியைச் சொல்ல மூச்சு இல்லை.