கஞ்சி குடித்த மிசின்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிப் போத்தல்கள் கழுவ ஒரு மிசின் இருக்கிறது. அது வரும்வரை அந்த வேலைக்கு நான்தான் மிசின். றப்பர் கையுறை எனக்கு ஒத்துக்கொள்ளாது. அமிலத்தில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஒரு பெருநாளைக்கு மருதோன்றி போட்டு, எரிவு தாங்காமல் கழுவிவிட்டு அழுதேன்.

மிசின் வந்த பிறகுதான் கை ஆறியது. அதனால் அதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறேன். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் அல்லவா, சுண்ணாம்பு படியும். சிட்ரிக் அமிலம் போட்டு வெறுமனே ஓட்டுவேன். கதவு றப்பரைத் துடைப்பேன்.

போன நோன்பில் அது சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. போத்தல்கள் மங்கலாக வந்தன. அவற்றில் சுத்தத் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தாலும் அழுக்கென்று காட்டியது. பொறுப்பாளர் சேர் வந்து பார்த்தார்.

"இது சரிவராது புள்ள. பெருநாள் முடியப் பழைய இரும்புக்குக் குடுப்பம். நீங்க முன்ன மாதிரிக் கையால கழுவுங்க."

வெடித்தது இவருடைய கையா? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஒருக்காக் கழட்டிப் பாக்கிறன் சேர்" என்று மட்டும் சொன்னேன்.

அடியில் அழுக்கைப் பிடிக்கும் வடியை எடுத்தேன். அதில் சமையலில் வாசத்துக்குப் போடும் ரம்பை இலை ஒரு துண்டு. ஆய்வுகூடத்தில் ரம்பைக்கு என்ன வேலை? மேலே தண்ணீர் பீய்ச்சும் குழாயின் துளைகள் அடைத்திருந்தன. முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் குத்தினேன். ஊதிப்போன சோறு வந்தது. பிறகு ஒரு வெந்தயம். பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்புக் கஞ்சியேதான். இங்கேயே இருந்து நோன்பு திறப்பவர் ஒரே ஒருவர்தான்.

வெந்தயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன். "சேர், மிசினும் நோம்பு பிடிச்சிருக்கு போல. கஞ்சி குடிச்சிருக்கு."

"அது... கஞ்சி வாளிய ஒரு நாள்தான் மிசினுக்குள்ள வெச்ச நான்."

"ஒரு நாளா?"

"ஒவ்வொரு நாளும்தான். கழுவாமக் கொண்டு போனா ஊட்ட மனிசி ஏசுறா."

"கக்கூசுக் குழி ஊறின கிணத்துத் தண்ணிப் போத்தலெல்லாம் இதுக்குள்ளதான் சேர் கழுவுற. அந்த வாளியிலயா கஞ்சி குடிச்சீங்க?"

அவர் வயிற்றில் கை வைத்தார். "அஸ்தஃபிருல்லாஹ்."

"இரும்புக்காரன வரச் சொல்லவா?"

"உட்டுடுங்க புள்ள."

துளைகளைத் திறந்து ஓட்டினேன். போத்தல்கள் பளிச்சென்று வந்தன. அந்தப் பெருநாளைக்கு இரண்டு கை நிறைய மருதோன்றி போட்டேன். கொஞ்சம்கூட எரியவில்லை.

லீவு முடிந்து வந்த காலையில் மிசினைத் திறந்து வடியைக் கையில் எடுத்தேன். சேர் வந்து என் கையைப் பார்த்தார்.

"அதை இஞ்ச தாங்க. நான் கழுவுறன்."

"மருதோன்றி தண்ணியில போகாது சேர்."

"ஓம், தெரியும். கை திரும்ப வெடிக்கக் கூடாது" என்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.