எதிர்ப்பக்கத்தில் போட்ட கதிரை

நான் கலியாணம் செய்தது பக்கத்து ஊரில். ஊரில் இருந்தபோது இரண்டுக்கும் நடுவே ஓர் ஒழுங்கைதான். இரண்டும் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்கள், இரண்டுக்கும் உதைபந்தாட்டப் பைத்தியம். மொன்றியலுக்கு வந்த பிறகும் அந்தப் பகையை விட்டபாடில்லை. கோடையில் கார்ட்டியர்வில் பூங்காவில் இரண்டு ஊர்க் கழகங்களும் மோதினால், அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போதுகூடச் சிலர் கைகொடுக்க மாட்டார்கள்.

என் கணவர் அவருடைய ஊருக்குப் பின்வரிசையில் நிற்பார். என் தம்பி எங்கள் ஊருக்கு வலது கரையில் ஓடுவான். பெண் மட்டும் கலியாணத்தோடு ஊர் மாறிவிட வேண்டும். புருசனின் ஊர்ப் பக்கம் இருந்து, அவர்களுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் செய்தேன்.

அந்த வருடம் தம்பிக்கு முழங்காலில் ஒப்பரேசன் நடந்திருந்தது. இன்னோர் அடி பட்டால் விளையாட்டை மறக்க வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் இவருடைய ஆட்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றேன். கப்டன் இவரிடம் சொன்னது அங்கே வரை கேட்டது.

"மச்சானெண்டு பாக்காதேங்கோ அண்ணை. முழங்கால் இன்னும் சரியில்லைத்தானே. முதல் அடியிலேயே விழுத்துங்கோ."

முழங்கால் கதையை யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை. என் சோபாவில் இருந்து, நான் பொரித்ததைத் தின்றுகொண்டு, என் தம்பியின் காலை உடைக்கத் திட்டம்! அவர்கள் போனதும் இவரிடம் நேரே கேட்டேன்.

"அவன்ரை காலுக்குப் போவீங்களோ?"

"நான் பந்துக்குத்தான் போவன். நீர் சும்மா இரும்."

சும்மா இருக்கிற ஆளா நான்? மறுநாள் மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து, எங்கள் ஊர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"பிள்ளை, உது எதிர்ப்பக்கமெல்லோ!" என்று இவருடைய மாமி ஒருவர் கத்தினார்.

"ஓம் மாமி, தெரிஞ்சுதான் போறன்."

இடைவேளைக்குச் சற்று முன் தம்பி இவரைத் தாண்டினான். பந்து எங்கேயோ முன்னால் போய்விட்டது. இவர் பின்னாலிருந்து சறுக்கி வந்து காலை விட்டார். தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

கலியாணம் முடித்த நாள் முதல் இவரை "இஞ்சாருங்கோ" என்றல்லாமல் வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. அன்று எல்லைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினேன்.

"டேய்! அது முழங்காலடா!"

கியூபெக்கார நடுவர் "மதாம், மதாம்" என்று என் பின்னால் ஓடிவந்தார். பாவம், அவருக்கு என்ன விளங்கும்?

தம்பி மெல்ல எழும்பிக் காலை மடக்கிப் பார்த்தான், ஊன்றிப் பார்த்தான். மாதாவே, கால் தாங்கியது. "அக்கா, வெளியிலை போங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்றான். வெட்கப்பட வேண்டியவன் அவனா? இவருக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், அது வேறு கதை.

புரோசார்ட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தில் கார்கள் நகராமல் நின்றபோது இவர் கேட்டார்.

"ஊர்ச்சனத்துக்கு முன்னாலை என்னை டேய் எண்டு கூப்பிட்டனீர், என்ன?"

மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தாரோ தெரியாது.

"ஓம், கூப்பிட்டனான். இன்னொருக்கா அவன்ரை காலுக்குப் போய்ப் பாருங்கோ, பேர் சொல்லியே கூப்பிடுவன்."