ஈர மஞ்சள்

பட்டு நெய்கிற தெருவில் பிறந்தும் தறிக்குழியில் கால் வைக்காமல் தப்பித்த ஆள் பலராமன். ஆரணியிலிருந்து தினமும் வேலூர் பஸ் பிடித்து, ஓர் அருங்காட்சியகத்தின் ரசாயனப் பிரிவுக்குப் போய்விட்டு வருவார். செம்புக்காசு, வெண்கல விளக்கு, கரையான் அரித்த மரக்குதிரை, எது வந்தாலும் அது எதனால் கெடுகிறது என்று சோதித்து, மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தெருக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு காலத்தில் அவரும் தொண்டை வறளப் பேசித்தான் பார்த்தார். "இன்னா பலராமா, செலைக்கு ஊசி போட்டுட்டு வர்றியா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டார்.

தறி அவர் மனைவி சூர்யகலாவோடு வந்தது. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல், தெருக்கோயில் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்குத் தீபா பிறந்தாள். அன்றிலிருந்து ஆடி தவறாமல் உற்சவர் அம்மனுக்குத் தன் கையால் நெய்த கோடி சாத்துவாள். கோடி என்றால் தறியிலிருந்து அறுத்தது அறுத்தபடி இருக்க வேண்டும். அதன்பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. நான்கு முனையிலும் மஞ்சள் தடவிச் சாமி அறையில் வைத்திருந்து, அபிஷேக ஈரம் காயும் முன்பே அம்மனுக்குச் சுற்றிவிடுவாள். தெருவில் மற்றவர்களும் அப்படித்தான். பட்டுக்காரத் தெரு அம்மனுக்குப் புடவைக்கா பஞ்சம்!

போன வருஷம் வைகாசியில் கோயில் தர்மகர்த்தா பச்சையப்பன் பலராமனைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஆத்தா இடுப்புல பச்சையா மாவு மாதிரி உதுந்துகினே இருக்குது. புளி போட்டுத் தேச்சும் போவல."

"புளி போட்டீங்களா? நல்லா கெட்டுது போங்க!" என்று பலராமன் தலையில் அடித்துக்கொண்டார். பல நூறு வருஷத்து வெண்கலம். இடுப்பிலும் தோளிலும் பட்டு இறுக்கிச் சுற்றும் இடங்களில் மட்டும் குழி குழியாக அரித்திருந்தது. கொஞ்சம் மாவையும், பழைய பட்டின் நான்கு நூலையும் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனார். இரண்டையும் தனித்தனிக் குழாயில் கரைத்துச் சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டதும் இரண்டுமே பால் போல வெளுத்தன. உப்பு. சாயம் பிடிக்கப் போடுகிற உப்பும் அமிலமும் பட்டறையில் சரியாக அலசப்படாமல் பட்டிலேயே தங்கிவிடுகின்றன. ஈர வெண்கலத்தில் அந்தப் பட்டைச் சுற்றி வைத்தால் உப்பு உள்ளே இறங்கிச் சிலையைத் தின்னத் தொடங்கும். தெருவே சேர்ந்து, அத்தனை பக்தியோடு, தன் அம்மனை அரித்துக்கொண்டிருந்தது.

மருந்துக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்துச் சிலையை ஒருவழியாகத் தேற்றினார். இனிமேல் துவைத்த துணிதான் கட்ட வேண்டும் என்று சொன்னபோது பச்சையப்பன் கொதித்துவிட்டார். "தொவச்ச துணிய ஆத்தாளுக்குக் கட்டுனா ஊரு என்னைக் கட்டி வச்சு அடிக்கும் பலராமா." கடைசியில், எல்லார் கோடியையும் பாதத்தருகே தட்டில் வைப்பது என்று முடிவானது. திருமேனியில் ஒன்றே ஒன்று, சூர்யகலாவுடையது மட்டும். அவள் அழுது வாங்கிய சலுகை அது. தெள்ளாரில் வாழ்க்கைப்பட்டிருந்த தீபாவுக்கு ஏற்கெனவே இரண்டு கரு தங்கவில்லை. இப்போது மூன்றாவது.

அந்த ஒரு கோடி போதும், பட்ட பாடெல்லாம் வீண். மனைவியிடம் பேசிப் பயனில்லை என்று பலராமனுக்குத் தெரியும். அவள் மகளைப் பார்க்கத் தெள்ளாருக்குப் போயிருந்த சமயம் பட்டைப் பையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அலசிய தண்ணீர் மருந்துச் சொட்டுக்கு வெளுக்காமல் நிற்கும்வரை மாற்றி மாற்றி அலசினார். நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடித்தார். மஞ்சள் மட்டும் போய்விட்டிருந்தது. வீட்டில் மஞ்சளைக் குழைத்து நான்கு முனையிலும் அவரே தடவி, இருந்த இடத்தில் வைத்தார். அன்றிரவு அவள் திரும்பினாள்; விடிந்தால் அம்மனுக்குச் சாத்துப்படி.

கோயிலில் சூர்யகலா பட்டின் முனையைப் பிடித்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். விரலைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. மாட்டிக்கொண்டோம் என்று பலராமனுக்கு வியர்த்தது. அவளோ ஒன்றும் கேட்காமல் சிரித்த முகமாக அம்மனுக்குச் சுற்றினாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

புரட்டாசியில் தீபாவின் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. கொஞ்சம் முன்னே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். பாவி மனிதர், அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

அதன்பின் சூர்யகலா கோயில் பக்கமே போகவில்லை. துக்கம், தானாக ஆறும் என்று பலராமனும் கேட்கவில்லை. தை மாதத்தில் ஒருநாள் பச்சையப்பன் வீட்டுக்கே வந்து, "ஆத்தா மேல ஒரு புள்ளி பச்சை இல்ல பலராமா. கைராசிக்காரன்பா நீ!" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் தறிச் சத்தம் நின்றது. சூர்யகலா எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் ஏன் கோயிலுக்குப் போறதில்லன்னு நீங்க கேக்கவே இல்லியே," என்றாள்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"கொழந்த போறதுக்கு மொத நாளு சாயங்காலமே தீபா போன் பண்ணா. லேசா ரத்தம் படுதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமான்னு கேட்டா. நாந்தான், பேஜார் பண்ணிக்காதடி, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, காலையில பாத்துக்கலாம்னு சொன்னேன்."

"இன்னா உத்தரவு?"

"கோடி சாத்துறப்ப முனையில மஞ்சள் ஈரமா கையில ஒட்டிச்சு. நான் தடவி எத்தினி நாளாச்சு, காஞ்சி உதுந்திருக்கணும். ஆத்தாளே தொட்டு வாங்கிக்கினான்னு நெனச்சேன். அத நம்பித்தான் எம்பொண்ண வூட்டுலயே படுக்க வச்சேன். இல்லன்னா ஜல்தியா கெளம்புடின்னு அப்பவே தொரத்தியிருக்க மாட்டேனா?"

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பலராமனுக்குத் தெரியும். கோடிக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இத்தனை மாதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெம்பாக இருந்த மனிதர். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் காலமெல்லாம் இவள் இந்தப் பாரத்தை ஒற்றையாகச் சுமப்பாளே.

"அது நான் தடவுன மஞ்சள், கலா," என்றார். பையில் கொண்டுபோனது, அலசியது, மடித்தது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் மண்ணை வாரித் தூற்றட்டும் என்று தலைகுனிந்து நின்றார்.

அவள் கத்தவில்லை. "அப்போ ஆத்தா ஒண்ணும் சொல்லல," என்றாள்.

"இல்ல."

"நீங்களும் ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான். எழுந்து தறியில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்த ஆடிக்கு அவள் கோடி நெய்யவில்லை. பலராமன் மட்டும் மாதாமாதம் பூதக்கண்ணாடியோடு கோயிலுக்குப் போய் இடுப்பையும் தோளையும் பார்த்துவிட்டு வருகிறார். அம்மன் நன்றாக இருக்கிறாள்.