மோப்பக்கா வளர்த்த பேய்

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவரை நேருக்கு நேர் அக்கா என்போம், அவர் அந்தப் பக்கம் போனதும் மோப்பக்கா என்போம். எங்கே எது கோளாறானாலும் முதலில் அவருக்குத்தான் வாடை அடிக்கும். பட்டப்பெயர் தன் காதுக்கு வந்தபோது, "நாய்க்கு மோப்பம் இருந்தா பெருமையா பேசுறீங்க, எனக்கு இருந்தா கிண்டலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கும் ஒரு பெயர் உண்டு. ஆமை. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தொடுவேன் என்பதால்.

அப்பா போன பிறகு படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்தவர் அக்கா. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதில் ஆரம்பித்து, சர்வர்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனார். சம்பளத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டார், தம்பியைப் படிக்கவைத்தார். அந்தத் தம்பி லேசுப்பட்ட ஆளில்லை. கல்லூரியில் படிக்கும்போது முதல்வரின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, அறிவிப்புத் திரையில் 'இன்று விடுமுறை' என்று போட்டுவிட்டான். பாதிக் கல்லூரி காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. அக்காதான் போய் யார் யார் காலிலோ விழாத குறையாகக் கெஞ்சி, அவனைத் திரும்பச் சேர்த்துவிட்டார். பிறகு அவன் திருந்திப் படித்து, தேர்வு எழுதி, எங்கள் ஆஸ்பத்திரி லேபிலேயே டெக்னீஷியனாக வந்து சேர்ந்தான். "நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. அவனா வந்தான்" என்று அக்கா கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டரை எடுத்தாலும், யார் வந்தது, எங்கிருந்து வந்தது, உள்ளே விட்டதா விரட்டியதா என்று தனக்குத்தானே வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் கோப்புகளுக்கு லாக் என்று பெயர். பிரச்சினை வந்தாலொழிய யாரும் அவற்றைத் திறப்பதில்லை. அக்கா அவற்றைச் சதா படித்துக்கொண்டே இருக்க ஒரு புரோகிராம் எழுதினார். திரையில் எதுவும் தெரியாது, பின்னால் சத்தமில்லாமல் ஓடும். அப்படி ஓடுவதை எங்கள் தொழிலில் டீமன் என்போம். நர்ஸ் ஒருத்தர் அதைப் பேய் என்று மொழிபெயர்த்துவிட்டார். அதன்பிறகு ஆஸ்பத்திரி முழுக்க அது பேய்தான். யாராவது பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் பேய் எங்கள் போன்களுக்குத் தகவல் அனுப்பும். அக்கா உடனே கூப்பிடுவார். "டாக்டர், கேப்ஸ் லாக் அமுங்கியிருக்கு பாருங்க." எதிர்முனையில் டாக்டர் வெலவெலத்துப்போவார்.

பேய்க்கு ஒரு குறை இருந்தது. லாக்குகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு முதல் லாக்குக்குத் திரும்பி வருவதற்குள் அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதனால் அக்கா அதைப் பிரித்து எழுதினார். ஒரே புரோகிராமுக்குள் பல த்ரெட்டுகள், அதாவது தனித்தனியாக ஓடும் கிளைகள். ஆளுக்கு ஒரு லாக் என்று ஒரே நேரத்தில் படிக்கும். புதிய பேய் ஓட ஆரம்பித்த அதே வாரத்தில்தான் அது நடந்தது.

ஒரு முற்பகல். அக்காவின் போன், என் போன், மேலாளரின் போன், மூன்றும் ஒன்றாகச் சிணுங்கின. லேப் டெக்னீஷியன் ஒருவரின் கணக்கில், ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறார், நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றது தகவல். அடியில் அந்த வெளிக் கம்ப்யூட்டரின் முகவரி, அதற்குக் கீழே கணக்கின் பெயர் இருந்தது. அக்காவின் தம்பி.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கை நிற்கவில்லை. அந்தக் கணக்கை அவரே முடக்கினார். மூச்சிரைக்க ஓடிவந்த மேலாளரைப் பார்த்து எழுந்து நின்றார்.

"சார், அது என் தம்பி. இனிமே நான் இந்த கம்ப்யூட்டர தொடக்கூடாது. ஆமை பார்க்கட்டும்."

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "ரிப்போர்ட் ஏதாவது வெளிய போயிருக்குமாம்மா?" என்றார்.

"தெரியல சார். போகலன்னு என்னால சொல்ல முடியாது."

கொஞ்ச நேரத்தில் எங்கள் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியைக் காவலாளி மேலாளரின் அறைக்கு அழைத்துப்போனார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை அவன். என்ன ஏது என்று புரியாமல் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தார்.

நான் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் திரை தெரியாதபடி சுவர் ஓரமாகப் போய், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒவ்வொரு வரியா சத்தமா படி."

லேப் சர்வரின் லாக்கைத் திறந்து படித்தேன். தம்பியின் பெயர் இருந்தது. லேபுக்குள்ளே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வந்திருக்கிறான். பாஸ்வேர்டு ஒரே தடவையில் சரி. காலை ரிப்போர்ட்டுகளை மொத்தமாகப் பிரிண்ட் கொடுத்திருக்கிறான். தினமும் செய்கிற வேலைதான்.

"அக்கா, இதுல வெளி முகவரியே இல்லையே."

"அழிச்சிருப்பான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "அவனுக்கு அதெல்லாம் தெரியும். உனக்குத் தெரியாது அவன. காப்பி இருக்கு பாரு, அத திற."

லாக்கில் ஒரு வரி விழுந்த மறுகணமே அதற்கு ஒரு காப்பி வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் நுழைய முடியாது. அதைத் திறந்து வரிக்கு வரி ஒத்துப்பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. எதுவும் அழிக்கப்படவில்லை.

அப்படியானால் அந்த வெளி முகவரி எங்கிருந்து வந்தது? மற்ற லாக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எக்ஸ்ரே சர்வரின் லாக்கில் அது உட்கார்ந்திருந்தது.

"இருக்குக்கா. ஆனா எக்ஸ்ரேல இருக்கு. யாரோ வெளியிலேருந்து பேரும் பாஸ்வேர்டுமா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்திருக்கான்."

"உள்ள வந்தானா?"

நான் இரண்டாம் தடவையும் படித்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லக்கா. ஒண்ணுகூட பலிக்கல. தட்டித் தட்டிப் பார்த்துட்டு நிக்கிறான், அவ்வளவுதான்."

"நேரம்?"

"கடைசியா தட்டுனதும் தம்பி லாகின் பண்ணதும் ஒரே நொடி."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "என் புரோகிராம திற. கண்டுபிடிக்கிற விஷயத்த எல்லா த்ரெட்டும் ஒரே இடத்துலதான் எழுதுது. ஒண்ணு எழுதி முடிக்கிறவரைக்கும் இன்னொண்ணு கை வைக்கக்கூடாது. அதுக்கு அங்க ஒரு பூட்டு இருக்கணும். இருக்கா பாரு."

பார்த்தேன். "தகவல் அனுப்புற இடத்துல பூட்டு இருக்கு. எழுதுற இடத்துல இல்லக்கா."

ஒரே சிலேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? லேப் லாக்கைப் படித்த த்ரெட், தம்பியின் பெயரையும் உள்ளே வந்ததையும் எழுதியிருக்கிறது. அது முடிப்பதற்குள் எக்ஸ்ரே லாக்கைப் படித்த த்ரெட் குறுக்கே புகுந்து வெளி முகவரியை எழுதிவிட்டது. பாதி அவன் கதை, பாதி எவனோ ஒருவன் கதை. பேய் இரண்டையும் ஒட்டி எங்கள் மூவருக்கும் அனுப்பிவிட்டது.

"என் தப்பு!" என்றார் அக்கா. "ஐயோ, என் தப்புதான்டா ஆமை!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு. தப்பு செய்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்றார். அன்று காலை யார் யார் உள்ளே வந்தார்களோ அத்தனை பேரும் இருக்கும் லாக்குகளின் காப்பியைக் கொடுத்து, மேலாளர் முன்னாலேயே பேயைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பல தடவை ஒழுங்காகத்தான் சொன்னது. மேலாளர் நம்பிக்கை இழந்து நெற்றியைத் தடவ ஆரம்பித்தபோது, திரையில் ஒரு தகவல் வந்து விழுந்தது. வெளியே இருந்து நுழைந்து ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்களைத் திருடிக்கொண்டிருப்பவர் மேலாளர்.

"நானா?" என்றார் அவர்.

"இப்பவே கணக்க முடக்கிடவா சார்?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. நல்ல மனிதர், சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய் தன் அறைக் கதவைத் திறந்து, தம்பியிடம் அவரே மன்னிப்புக் கேட்டார்.

தம்பி வெளியே வந்து அக்கா எதிரில் நின்றான்.

"நீ நம்பிட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. "பாதி."

"பாதியா!"

"பாதிக்குக் கொஞ்சம் மேல."

அவன் கையுறைகளை உருவிச் சுருட்டிக்கொண்டே, "ஒரு நாள் லீவு விட்டதுக்கு ஆயுசுக்கும் தண்டனையாக்கா?" என்றான்.

"இன்னியோட முடிஞ்சது. சத்தியமா முடிஞ்சது."

"சரி, என் கணக்க திறந்து விடு. அங்க சாம்பிள் குவிஞ்சு கிடக்கும்."

மேலாளர் பேயை ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்றார். "சரி பண்ற வரைக்கும் நிறுத்துவோம் சார். ஆனா தட்டுனவன் நிஜம். அத மறந்துடாதீங்க" என்றார் அக்கா. முதல் வேலையாக அந்த முகவரிக்குக் கதவைச் சாத்தினார். பிறகு பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் பூட்டைப் போட்டார். லாக்கில் இருக்கும் மூல வரியையும் அப்படியே தகவலோடு சேர்த்து அனுப்பும்படி மாற்றினார். எல்லாவற்றையும் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்த பிறகுதான் ஓடவிட்டார். அப்புறம் லேபுக்குப் போனார். அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "காலையில நடந்தது என் புரோகிராம் செஞ்ச தப்பு. இவன் மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். தம்பி தலை நிமிராமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தானாம். காது மட்டும் சிவந்திருந்ததாம்.

சாயங்காலம் மூவரும் ஒரே பேருந்தில் திரும்பினோம். அக்கா ஜன்னலோரம், பக்கத்தில் தம்பி, பின்னால் நான். அவர்களின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பகல் முழுக்கக் கூப்பிட்டும் இருவருமே எடுக்கவில்லையாம்.

"அக்கா என்னைத் திருடன்னு புடிச்சுக் குடுக்கப் பார்த்தாம்மா" என்றான் தம்பி.

அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "செய்வா. செய்யக்கூடியவதான். சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

இல்லை, இருவருமே சாப்பிட்டிருக்கவில்லை. அப்போதுதான் அது அவர்களுக்கே ஞாபகம் வந்தது. அக்கா பையைத் துழாவி மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, முதலில் அவனிடம் நீட்டினார்.