தரைச்சக்கரம் குழுவில் ஓர் இடம்

தீபாவளி விடுமுறை முடிந்து பட்டாசுக் கம்பெனியில் பூஜை போட்டார்கள். தேங்காய் உடைத்த கையோடு முதலாளி ஜெயச்சந்திரன் பெத்தணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெத்தணா, வெடிச் சத்தத்துக்குக் கட்டுப்பாடு போட்டாலும் போட்டாங்க, வடக்க இருந்து ஒரு பய ஆர்டர் பேச மாட்டேங்கான். இந்த வருசம் கபடிக்கு எட்டுச் சம்பளம்தான். உன்னையும் சேத்து எட்டு."

"பசங்களே எட்டுப் பேரு இருக்காங்களே மொதலாளி."

"அதான் சொல்லுதேன். ஒருத்தனைக் கழி. மருந்து ரூம்ல ஆள் இல்லாமத் தவிக்கேன், அங்கன அனுப்பு."

அங்கன. அந்த இடத்தைப் பெத்தணன் நன்றாகவே அறிவான்.

திருத்தங்கலில் பிறந்த பெத்தணன், மீசை அரும்பிய வயதிலேயே அந்த மருந்து ரூமுக்குள் போனவன். வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்தைக் கலந்து முடித்துவிட வேண்டும். ஒரு பொறி போதும், அறையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். கபடிப் பைத்தியமான முதலாளி 'தரைச்சக்கரம் கபடிக் குழு' என்று ஒன்றைத் தொடங்கி, ஒரு காலத்தில் நன்றாக ஆடிய பெத்தணனை மேனேஜர் ஆக்கியபோதுதான் அவனுக்கு விடுதலை கிடைத்தது. குழுவில் இருப்பவனுக்குக் கம்பெனியில் குடோன், பேக்கிங் என்று உயிருக்குப் பயமில்லாத வேலை. அதனால் தரைச்சக்கரத்தில் ஓர் இடம் என்பது வெறும் விளையாட்டு இல்லை. அது ஒரு வீட்டின் நிம்மதி.

கழிக்க வேண்டியவன் யார் என்பது பெத்தணனுக்குத் தெரியும். கம்பெனியில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அந்த ஆள் அவன் வீட்டிலேயே இருந்தான்.

கருப்பணன், பெத்தணனின் மனைவி வள்ளித்தாயின் ஒரே தம்பி. எதிரணிக்குள் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டு வருகிற புலி. போன பங்குனியில் ஒரு பிடியில் அவனுடைய முழங்கால் திருகிக்கொண்டது. வெளியே நிமிர்ந்து நடப்பான். வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

வள்ளித்தாய் செய்தி கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய அப்பாவை ஒரு மருந்து ரூம் கொண்டுபோயிருந்தது. முகம்கூடப் பார்க்க விடாமல் துணியில் மூடித்தான் கொடுத்தார்கள். தாயும் இல்லாத தம்பியை அவள்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள்.

"இங்கேருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். அவனை அங்க மட்டும் அனுப்பீராதீக."

"நான் என்ன செய்ய வள்ளி? எல்லாவனும் ஒரு வீட்டுப் பிள்ளதான்."

"எனக்குத் தெரியாது. அவனுக்கு ஒண்ணுன்னா நானும் இல்ல."

அவள் பேசினால் பேசியதுதான். பெத்தணன் அன்று சோறு இறங்காமல் கையைக் கழுவினான்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டான். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி கம்பெனியின் கபடிக் குழு இருந்தது. அதன் மேனேஜர் ரத்தினசாமிக்குப் பாடிப் போகிற ஆள் தேவை. அவர்களிடம் தனுஷ்கோடி என்று ஒருவன். மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்தான் என்றால் யானையும் சாயும். கருப்பணனையும் பாண்டியையும் கொடுத்துத் தனுஷ்கோடியை வாங்கினால் எட்டு ஏழாகும், மேனேஜரோடு கணக்குச் சரியாகும். பாண்டிக்குப் பெண் பார்த்திருப்பதும் சாத்தூரில்தான், குதித்துக்கொண்டு போவான். கருப்பணனுக்கும் அங்கே குடோன் வேலை.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ரத்தினசாமி எல்லாவற்றையும் கேட்டார்.

"ரெண்டு பேரைக் கொடுத்து ஒருத்தனை எடுக்கேங்கேரு. ஒண்ணு நீரு தர்மப்பிரபுவா இருக்கணும், இல்லன்னா சரக்குல ஓட்டை இருக்கணும்."

"ஓட்டையா? என்னண்ணே நீங்க. என் மச்சினன்ணே அவன்."

"அதான்வே எனக்குப் பயமே. சொந்த மச்சினனை எவன்வே தள்ளிவிடுவான்?" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "பொண்ணு கொடுக்கிற மாதிரி கேக்கேன். பிள்ளைக்குக் குறை ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றான் பெத்தணன். வாயில் இருந்த சேவு மண்ணாக இருந்தது.

"அப்பம் வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம் ஆடிக் காட்டச் சொல்லும். அங்கனயே வெத்தலை பாக்கு மாத்திக்கிடுவோம்."

வெள்ளிக்கிழமை வந்தது. வள்ளித்தாய் தம்பியின் முழங்காலில் எண்ணெய் தேய்த்து, துணியை இறுக்கிச் சுற்றி, மேலே பேண்ட்டைப் போட்டுவிட்டாள். "ஒரே ஒரு ஆட்டம்டா. பல்லைக் கடிச்சுக்கோ" என்றாள். பெத்தணனும் கருப்பணனும் பாண்டியும் பஸ் ஏறினார்கள். அவள் வாசலை விட்டு அசையவில்லை.

அந்தத் தெருவில் போன் என்றால் பேச்சியம்மாள் கடையில் இருந்த ஒரு ரூபாய் போன்தான். நடுப்பகலில் அது அலறியது. எடுத்த பேச்சியம்மாளின் முகம் வெளிறியது. செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"ஏ வள்ளி! பாண்டி பேசுனான்டி. கருப்பணன்... பிடிச்சிருச்சாம்டி! வண்டி வச்சுக் கொண்டாராகளாம்!"

வேறு ஊராக இருந்தால் 'எது பிடித்தது' என்று கேட்டிருப்பார்கள். சிவகாசிப் பக்கம் அந்தச் சொல்லுக்கு முன்னால் எதுவும் வேண்டியதில்லை. பிடிச்சிருச்சு என்றால் தீதான். மருந்துதான்.

வள்ளித்தாய் கூந்தல் அவிழக் கம்பெனியை நோக்கி ஓடினாள். அவன் சாத்தூருக்குப் போயிருக்கிறான் என்பதுகூட அவள் நினைவில் இல்லை. ஆட்டம் என்று பொய் சொல்லி மருந்து ரூமுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. பின்னால் தெருவே ஓடியது. அலறலைக் கேட்டு உள்ளே வேலை செய்தவர்களும் தூக்கிய சரக்கைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார்கள். எந்த ரூம், எந்த ரூம் என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். புகை எங்கும் இல்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

ஜெயச்சந்திரன் வாசல் கேட்டுக்கு ஓடி வந்தார். வள்ளித்தாய் அவர் காலடியில் விழுந்து மண்ணை அள்ளினாள்.

"எங்க அப்பனைத்தான் தின்னீக! என் தம்பியையுமா? முளங்காலு போனவன் மொதலாளி அவன்! தீப் பிடிச்சா ஓடி வெளிய வரக்கூட முடியாதே அவனால! அவனைப் போயி அங்க விட்டீகளே!"

"ஏம்மா, இங்க எதுவும் பிடிக்கலம்மா. கருப்பணன் இங்க வரவே இல்லையே!"

அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. பெத்தணனும் பாண்டியும் தாங்கிப் பிடிக்க, ஒற்றைக் காலில் இறங்கினான் கருப்பணன். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

வள்ளித்தாய் அவனைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு பளார் பளாரென்று முதுகில் அறைந்தாள். அறைந்த கையாலேயே கட்டிக்கொண்டு கதறினாள்.

"எக்கா, கால்தான்க்கா பிடிச்சிருச்சு. மொத பாட்டுலயே பிடிச்சிருச்சு. தீ இல்லக்கா, நான் இருக்கேன்க்கா."

"நான் கால்னுதான் சொன்னேன்" என்று பாண்டி முணுமுணுத்தான். "பேச்சிக்கா காதுல விழலன்னா..."

"நீ பேசாத! ஒரு ரூபாக் காசுக்கு உனக்கு முளுசாப் பேச வரல!" என்று பேச்சியம்மாள் அவனை அடிக்கப் போனாள். யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"முழங்கால் போனவன்னு இம்புட்டு நாளா எங்கிட்டயே மறைச்சிருக்க, பெத்தணா. சாத்தூர்ல என்ன சொன்னாங்க?"

பெத்தணன் தலையைத் தூக்கவில்லை. "பாண்டியைக் கொடுத்துட்டுத் தனுஷ்கோடியைக் கூட்டிட்டுப் போன்னாங்க. இவனை வேண்டாம்னுட்டாங்க."

"அப்பம் இன்னும் எட்டுப் பசங்கதான இருக்கு. இவனால ஆட முடியாது. இனி மருந்து ரூமுக்கும் நான் எடுக்க மாட்டேன். ஓட முடியாதவனை அங்க விட்டு அந்தப் பாவத்தை நான் சுமக்கவா? கணக்கை முடிச்சு அனுப்பிரு."

கருப்பணன் உதட்டைக் கடித்தான். அவன் முன்னால் இருந்தது இரண்டே வழி, கபடியும் மருந்து ரூமும். இரண்டுமே ஒரே பகலில் போய்விட்டன. வள்ளித்தாய் கணவனைப் பார்த்தாள்.

"மொதலாளி" என்றான் பெத்தணன். "மேனேஜருக்கு ஓட வேண்டாம்ல?"

"என்னலே சொல்லுத?"

"ஆட்டம் எனக்குத் தெரிஞ்சதைவிட அவனுக்குத் தெரியும். உக்காந்துக்கிட்டே பசங்களப் பழக்கிருவான். எம் இடத்தை அவனுக்குக் கொடுங்க. ஏழு பசங்களும் அவனும் எட்டு. நான் பளையபடி மருந்து ரூமுக்குப் போறேன். என் காலு நல்லாத்தான் இருக்கு."

மச்சான் என்று கருப்பணன் அவன் கையைப் பிடித்தான். ஜெயச்சந்திரன் பெத்தணனின் கால்களைப் பார்த்தார். நல்ல கை அவருக்குத் தேவையாகவும் இருந்தது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வள்ளித்தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்காகத்தான் அவள் அத்தனை சாமியையும் கும்பிட்டாள். யாரை எடுத்துக்கொண்டு அவனை விடுவிப்பது என்று அவள் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை.

இப்போது விடிந்ததும் பெத்தணன் கிளம்பிவிடுகிறான். கம்பெனிப் பொட்டலில் கருப்பணன் பெஞ்சில் உட்கார்ந்து தனுஷ்கோடியையும் மற்றவர்களையும் விரட்டுகிறான். நன்றாகவே விரட்டுகிறான், பொங்கலுக்கு விருதுநகர் ஆட்டத்தில் கோப்பை நிச்சயம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல வருகிறவர்களுக்கு வள்ளித்தாய் தலையை மட்டும் ஆட்டுகிறாள். வெயில் ஏறும்வரை அவள் பதில் பேசுவதில்லை. கம்பெனி இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்தபடி நிற்கிறாள். மருந்து கலந்து முடித்து, கை இரண்டிலும் மருந்தின் அலுமினியப் பொடி மினுங்க, அவன் தெருமுனையில் திரும்புவது தெரிந்த பிறகுதான் உள்ளே போய் உலை வைக்கிறாள்.