விட்டுப்போன ஒரு 'வாஸ்'

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர், "அக்கா, என்னையத் தெரியுதா? மில்லு முருகேசன்" என்றார்.

தெரியாமல் என்ன? எண்பத்தெட்டில் ராஜபாளையத்து மில் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். பகல் ஷிப்டில் தூங்கியதற்காக இவருக்கு மூன்றாவது மெமோ. அத்தோடு வேலை போய்விடும். இவர் வீட்டில் இருபது நாள் குழந்தை. அதிகாரி சொல்லச் சொல்ல மெமோவை டைப் செய்தது நான்.

விசாரணையில் இவரே அதை வாசித்தார்: "முருகேசன் ஸ்லீப்பிங் ஆன் டூட்டி."

பிளஸ் டூ முடித்தவர். "சார், இதுல இஸ்ஸும் இல்ல, வாஸும் இல்ல. ஸ்லீப்பிங் தனியா நின்னா முழு வினை ஆகாது. நான் எப்பத் தூங்குனேன்?"

"ஏலே, தூங்குனியா இல்லையா?"

"அத மெமோதான சார் சொல்லணும்."

அதிகாரி எம்.ஏ. இங்கிலீஷ். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு மெமோவைக் கிழித்தார். "போ, வேலையப் பாரு."

இன்று முருகேசன் சொன்னார்: "ஒங்க டைப்பிங் மிஸ்டேக்குலதான்க்கா எம் பொழப்பு தப்பிச்சுச்சு."

நான் சிரித்துவைத்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். என் கையில் ஒரு 'வாஸ்' தானாக விட்டுப்போகுமா?

மிஸ்டேக் என்றதுதான் வலிக்கிறது. அவரிடம் சொல்லியிருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.